ஸ்கூட்டரில் மூன்று பேர்

போக்குவரத்து அபராதச் செலான் வந்தபோது நான் கடையில் மிளகு மூட்டைகளுக்கு பில் போட்டுக்கொண்டிருந்தேன். மட்டாஞ்சேரியில் மிளகும் ஏலமும் மொத்தமாக விற்கிற ஒரு கடையில் எனக்குக் கணக்கு வேலை. போனில் வந்த செய்தியில் என் ஸ்கூட்டரின் எண் இருந்தது. இரு சக்கர வண்டியில் மூவர் சென்றது, பின்னால் இருந்தவர்கள் ஹெல்மெட் அணியாதது என்று இரண்டு குற்றங்கள். தேதியைப் பார்த்தேன். அதற்குமேல் பில் போட முடியவில்லை. மீதியை மறுநாளைக்கு வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

செலானில் இருந்த தேதி ஒரு ஹர்த்தால் நாள், ஊர் முழுக்கக் கடையடைப்பு. நாங்கள் மாடியில் இருக்கிறோம். கீழ்வீட்டில் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு இளம் தம்பதி. அவன் கொத்தனார். அவள் ஏழு மாத கர்ப்பிணி. நாங்களும் தமிழ்தான் என்றாலும் மூன்று தலைமுறையாகக் கொச்சிக்காரர்கள். என் பேச்சைக் கேட்டால் அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். "நீங்க தமிழா மலையாளமா, ஒரு பக்கமா நில்லுங்கக்கா" என்பாள். நான் சாயா என்று சொல்லும்போதெல்லாம் டீ என்று திருத்துவாள்.

அன்று காலையில் அவன் மாடிப்படியில் ஓடி வந்து கதவைத் தட்டினான். "அக்கா, அவளுக்கு ரத்தமாப் போகுதுக்கா." நான் இறங்கிப் போனபோது அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். ஆம்புலன்சுக்குக் கூப்பிட்டோம். வண்டி வேறு இடத்துக்குப் போயிருக்கிறது, திரும்பியதும் அனுப்புகிறோம் என்றார்கள். தெருவில் ஒரு ஆட்டோ கூட இல்லை. என் வீட்டுக்காரர் வெலிங்டன் தீவில் ஒரு கிடங்கில் வேலை செய்கிறார். ஹர்த்தாலுக்கு பஸ் ஓடாது என்று முந்தின நாளே போய் அங்கேயே தங்கிவிட்டார். இருந்தது என் ஸ்கூட்டர் ஒன்றுதான்.

அவளால் தனியாக உட்கார முடியவில்லை. கண் செருகிக்கொண்டே இருந்தது. "நான் ஓட்டறேன். நீ பின்னால உக்காந்து அவளை விடாம பிடிச்சுக்கோ" என்று அவனிடம் சொன்னேன். அவளை நடுவில் உட்கார வைத்தோம். ஹெல்மெட் எனக்கு மட்டும்தான் இருந்தது. அதையும் பழக்கத்தில் மாட்டிக்கொண்டேன்.

சுள்ளிக்கல் வழியாகத் தோப்பும்படிக்குப் போகிற சாலை அப்போது குடிநீர்க் குழாய்க்காகத் தோண்டி மூடிய சாலை. மெதுவாகப் போனால் நேரமாகும், வேகமாகப் போனால் தூக்கிப் போடும். அவள் தலை என் தோளில் சாய்ந்திருந்தது. அவள் வயிறு என் முதுகில் அழுந்தியிருந்தது. தோப்பும்படி சந்திப்பில் கொடி பிடித்தவர்கள் சாலையை மறித்து நின்றார்கள். பின்னாலிருந்து அவன் "ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி" என்று கத்தினான். அவர்கள் உடனே விலகினார்கள். ஒருவர் முன்னால் ஓடி மற்றவர்களை ஒதுக்கிவிட்டார். அங்கே கம்பத்தில் கேமரா இருப்பது எனக்குத் தெரியும். தினமும் அதைப் பார்த்துத்தான் போகிறேன். அன்று அது நினைவிலேயே இல்லை.

ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரில் போட்டு உள்ளே கொண்டு போனார்கள். கொஞ்ச நேரத்தில் டாக்டரம்மா வெளியே வந்து, குழந்தையின் இதயத் துடிப்பு கிடைக்கவில்லை என்றார். எப்போது நின்றது என்று கேட்டேன். "அது சொல்ல முடியாது" என்றார். சாயங்காலம் பிரசவம் ஆனது. பெண் குழந்தை.

வீட்டுக்கு வந்தபின் அவள் கதவைத் திறப்பதே அபூர்வமாகிவிட்டது. நான் கஞ்சியோ குழம்போ கொண்டு போனால் வாங்கி வைத்துக்கொள்வாள், பேச மாட்டாள். அவன் சீக்கிரமே வேலைக்குக் கிளம்பிவிட்டான். போகாமல் என்ன செய்வான்? ஆனால் அவன் காலையில் வெளியே போகும்போது அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் நான் மாடியேறிக்கொண்டிருந்தபோது அவன் போனில் ஸ்பீக்கரைப் போட்டு அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தான். "புள்ளத்தாச்சியை ஸ்கூட்டர்ல வச்சு அந்த மேடு பள்ளத்துல கூட்டிட்டுப் போனா புள்ள எப்படிலே தங்கும்? எவ சொல்லிக் கொடுத்தா உனக்கு?" என்றது அந்தக் குரல்.  நான் சத்தம் போடாமல் மேலே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

அதன் பிறகுதான் இந்தச் செலான். குற்றம் என்று அதில் போட்டிருந்ததைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அந்த அம்மா சொன்னதையே சர்க்காரும் சொல்வது போல இருந்தது.

"கட்டிட்டு தீர்த்துடு. வெறுதே எதுக்கு இந்தப் பாடு?" என்றார் வீட்டுக்காரர். நான் கேட்கவில்லை. செலானைத் தேடி எடுக்கிற இணையப் பக்கத்தில் வண்டி எண்ணைப் போட்டு, புகார் எழுதுகிற இடத்தில் நடந்ததைச் சுருக்கமாக எழுதினேன். ஆதாரம் இணைக்கப்படவில்லை என்று திருப்பிவிட்டார்கள். கடையில் லீவு சொல்லிவிட்டு காக்கநாட்டில் இருந்த போக்குவரத்து அலுவலகத்துக்கு நேரில் போனேன். அங்கிருந்த அதிகாரி நடுவயதுக்காரர். மரியாதையாகத்தான் பேசினார். ஆஸ்பத்திரிக் காகிதம் இருந்தால் கொண்டு வரச் சொன்னார், தேதி பொருந்தினால் பார்க்கலாம் என்றார்.

அந்தக் காகிதம் கீழ்வீட்டில் இருந்தது. அதை எப்படிப் போய்க் கேட்பது? பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம், எனக்கு அபராதம் வந்திருக்கிறது, உன் காகிதத்தைக் கொடு என்றா? அவள் வீட்டு வாசல்வரை போய்விட்டு, காய்கறி ஏதாவது வேண்டுமா என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன். கட்டாவிட்டால் கோர்ட்டுக்குப் போகும் என்று இரண்டாவது செய்தி வந்தது. சரி, கட்டிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

அதற்குள் என் வீட்டுக்காரர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவள் புருஷனிடம் செலானைப் பற்றிச் சொல்லிவிட்டார். சண்டை போட்டேன். "அவங்ககிட்டப் போய் இதைச் சொல்லலாமா? உங்களுக்கு மனசே இல்லையா?"

"நீதான் ராத்திரி தூங்காம கிடக்கறே. கண்டுக்கிட்டு சும்மா இருக்க முடியலை" என்றார் அவர்.

மறுநாள் காலையில் அவளே படியேறி வந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவள் மாடிக்கு வந்தது அதுதான் முதல் தடவை. கையில் ஜவுளிக்கடைக் கவரில் காகிதங்கள்.

"என்கிட்டச் சொல்ல என்னக்கா உங்களுக்கு?" என்றாள்.

"எப்படிம்மா கேக்கறது..."

"நானும் வாரேன். வேற யாரும் என்கிட்ட என்ன நடந்துச்சுன்னு கேக்கலை. ஊர்ல எல்லாரும் அவங்களே சொல்லிக்கிடுதாங்க. நான் வந்து சொல்லுதேன்."

காகிதத்தை மட்டும் கொடுத்தால் போதும் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அவள் ஏற்கெனவே தலை சீவி, நல்ல சேலை கட்டி வந்திருந்தாள்.

பஸ்ஸில் போனோம். அலுவலகத்தில் வரிசை நீளமாக இருந்தது. எங்கள் முறை வந்ததும் அதே அதிகாரி என்னை அடையாளம் கண்டு தலையசைத்தார். காகிதத்தை வாங்கித் தேதியைப் பார்த்தார். அதோடு முடிந்திருக்கும். ஆனால் அவள் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "சார், நான்தான் நடுவுல இருந்தது" என்று தொடங்கினாள்.

விடிகாலையில் இடுப்பு வலித்ததிலிருந்து ஆரம்பித்தாள். நான் ஒவ்வொரு வரியாக மலையாளத்தில் சொல்லிக்கொண்டு வந்தேன். வலி வந்தது என்கிறாள், ரத்தம் வந்தது என்கிறாள். ஆம்புலன்ஸ், ஆட்டோ இல்லாதது, நான் ஸ்கூட்டரை எடுத்தது. கேட்கப்படாததையெல்லாம் சொன்னாள். குழந்தையைத் துணியில் சுற்றிக் காட்டினார்கள், தலை நிறைய முடி இருந்தது என்றாள். அந்த இடத்தில் எனக்கு மலையாளமும் வரவில்லை, தமிழும் வரவில்லை. 

"சேச்சி பறயண்டா. எனிக்கு மனசிலாவுன்னுண்டு" என்றார் அதிகாரி. அவருக்கே புரிந்தது, நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நாற்காலியைக் காட்டி அவளை உட்காரச் சொன்னார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் யாரும் அவசரப்படுத்தவில்லை. அவள் முடிக்கும்வரை அவர் பேனாவைத் தொடவில்லை.

எல்லாம் சொல்லி முடித்தபின் அவள் கேட்டாள்: "சார், அந்தப் படத்தைப் பாக்கலாமா?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு திரையை அவள் பக்கம் திருப்பினார். கேமரா எதிரிலிருந்து எடுத்த படம். முன்னால் ஹெல்மெட்டோடு நான். என் தோளில் கண்மூடிய அவள் முகம். அதற்கு மேலே அவன் முகம். நான் முன்னால் இருந்தேன், அவள் நினைவில்லாமல் இருந்தாள். அந்த முகத்தை அன்று நாங்கள் இருவருமே பார்க்கவில்லை. வாய் முழுவதும் திறந்து, கன்னமெல்லாம் நனைந்து, சின்னப் பையன் அழுவது போல இருந்தது. இரண்டு கைகளாலும் அவளைச் சுற்றிப் பிடித்திருந்தான். வண்டியில் தனக்கென்று ஒரு பிடிமானமும் வைத்துக்கொள்ளவில்லை.

வீட்டில் செலானைத் திறந்தபோது நான் என் வண்டி எண்ணைத்தான் பார்த்தேன். படத்தைச் சரியாகப் பார்க்க மனம் வரவில்லை.

"அழுதாரா?" என்றாள் அவள். "எனக்குத் தெரியாதேக்கா. ஒரு சொட்டுக் கண்ணீர் விடலைன்னுல்லா நெனச்சேன். எம்புள்ளைக்கு ஒருத்தரும் அழலைன்னு நெனச்சேன்."

அதிகாரி காகிதத்தை நகல் எடுத்துக்கொண்டு, தான் எழுதி அனுப்புவதாகவும் முடிவு மேலதிகாரியுடையது என்றும் சொன்னார். எழுந்து நின்று அவளுக்கு விடை கொடுத்தார்.

திரும்பும்போது பஸ் வெலிங்டன் தீவைத் தாண்டித் தோப்பும்படிப் பாலத்தில் ஏறியது. ஜன்னலோரம் இருந்தவள் என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, அன்னைக்கு அது உங்க முதுகுல அசைஞ்சுச்சா?"

இந்தக் கேள்வியை நான் எனக்குள் எத்தனையோ தடவை கேட்டிருந்தேன். அசையவில்லை என்றால் குழந்தை வீட்டிலேயே போய்விட்டது, சாலையின் மேலோ என் மேலோ பழி இல்லை. அசைந்தது என்றால், அப்போது உயிர் இருந்தது. அதன் பிறகு என்ன ஆயிற்று? இல்லை என்று சொல்லிவிட்டால் எனக்கு எவ்வளவோ நிம்மதி. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

"சுள்ளிக்கல் தாண்டும்போது ஒரு தடவை என்னமோ தெரிஞ்சதும்மா. குழந்தையா, ரோடு தூக்கிப் போட்டதா, சத்தியமா எனக்குத் தெரியலை."

 "அசைஞ்சிருக்கும்க்கா" என்றாள். "நீங்க சீக்கிரமாத்தான் ஓட்டுனீங்க. இன்னும் என்ன செய்ய முடியும் ஒரு மனுசரால." என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். எனக்கு அழுகை வந்தது. அவள் அழவில்லை. அவள் கூட வந்தது இதற்காகவும்தானோ என்று இப்போது தோன்றுகிறது. அன்று அதை யோசிக்கவில்லை.

அன்று சாயங்காலம் அவன் வேலையிலிருந்து வந்த சத்தம் கேட்டது. வழக்கமாகக் கீழே பேச்சே இருக்காது. அன்று வெகுநேரம் இருவர் குரலும் கேட்டுக்கொண்டிருந்தது. ஒருமுறை அவன் குரல் உடைந்தது. நான் மின்விசிறியை வேகமாக வைத்துக்கொண்டேன். கேட்கக் கூடாததைக் கேட்பது போல இருந்தது.

சில வாரங்கள் கழித்து முடிவு வந்தது. மூவர் சென்ற குற்றம் ஆஸ்பத்திரி அவசரத்தைக் கருதி நீக்கப்பட்டது. ஹெல்மெட் அணியாத குற்றம் நீக்கப்படவில்லை. வீட்டுக்காரர் போனை வாங்கி இரண்டு முறை படித்தார்.

"இதென்ன கணக்கு? அந்த நேரத்துல ஹெல்மெட்டுக்கு எங்க போறது? மேலே அப்பீல் போ" என்றார். இதுவரை கட்டச் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர்தான்.

எனக்குக் கோபமும் வரவில்லை, மேலே போகவும் தோன்றவில்லை. அந்த அலுவலகத்தில் ஒருத்தி சொன்னதை ஒருவர் உட்கார்ந்து கேட்டார். அதற்கு மேல் எனக்கு அங்கே வேலையில்லை. அபராதத்தைப் போனிலேயே கட்டினேன். கீழே போய் அவர்களிடம் ஹெல்மெட் பற்றிச் சொல்லவில்லை, முடிந்துவிட்டது என்று மட்டும் சொன்னேன். அவன் சாரத்தில் ஏறி இறங்கித் தடித்துப்போன கைகளைக் கூப்பினான். "உள்ள வந்து உக்காருங்கக்கா" என்றாள் அவள்.

அந்த மாதக் கடைசியில் இருவரும் ஊருக்குப் போனார்கள். திரும்ப மாட்டார்கள் என்று நினைத்து நான் உள்ளூர வருத்தப்பட்டேன். மழைக்காலம் முடிந்தபின் ஒரு நாள் கீழ்வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. இப்போது அவள் பள்ளுருத்தியில் ஒரு தையல் கடைக்கு வேலைக்குப் போகிறாள். நேரம் ஒத்து வந்தால் பஸ் நிறுத்தம்வரை நான்தான் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுகிறேன். ஏறி உட்கார்ந்ததும் என் தோளில் ஒரு கையை வைத்துக்கொள்வாள். ஊர்க்கதை, கடைக்கதை என்று எதையாவது காதுக்குள் சொல்லிக்கொண்டே வருவாள். காற்றில் பாதி எனக்குக் கேட்காது. ம் கொட்டிக்கொண்டே ஓட்டுவேன்.