மணி அடிக்குமுன் முடிந்த வரி

அண்ணன் படிப்பதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்த அந்த நொடியை நினைத்தால் இன்றும் கூசுகிறது. எண்பதுகளின் தொடக்கம். டைப்பிங்கில் ஹையர் பரீட்சை தேறிய கையோடு, வில்லாபுரத்தில் ஒரு தட்டச்சு நிலையத்தில் எனக்கு வேலை. திருவாதவூரில் கூலிக்குக் களையெடுத்த குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எதை அடித்தாலும் குறையில்லாமல் அடிப்பது எனக்கு விரதம் மாதிரி.

நான் அண்ணன் என்று கூப்பிட்டவர் கென்யாவிலிருந்து மதுரைக்கு வந்து கல்லூரியில் படித்தவர். மூன்று வருஷ டீக்கடைப் பழக்கத்தில் எங்கள் பேச்சு அவருக்கு அத்துப்படி. ஒருநாள் கையெழுத்தில் நாற்பது ஆங்கிலக் கவிதைகளைக் கொண்டுவந்தார். அவர் நாட்டில் ஒரு போட்டி. சனிக்கிழமை விமானத் தபாலில் போனால்தான் கெடுவுக்குள் சேரும்.

"ஒன்னத்தான் நம்பியிருக்கேன் மாப்ள."

தாளின் ஓரம் நெருங்கி மெஷினில் மணி அடிக்கும்வரை வரியை ஓட்டு, தாளை வீணாக்காதே என்றுதான் எனக்குப் பழக்கியிருந்தார்கள். அவரோ வரிக்கு மூன்று நான்கு சொல்லோடு நிறுத்தியிருந்தார். ஏதோ அவசரத்தில் கிறுக்கியிருக்கிறார் என்று நானே முடிவுசெய்து, எல்லாவற்றையும் சேர்த்துப் பத்தி பத்தியாக அடித்து, வெள்ளிக்கிழமை காலை பெருமையாக நீட்டினேன்.

முதல் பக்கத்தைச் சத்தமாக ஒரே மூச்சில் படித்தார். மூச்சு முட்டி நிறுத்தினார்.

"எங்கம்மா செத்தத எழுதுனது மாப்ள. நீ பேப்பர் சேதியாக்கிட்ட."

"இப்பவே திருப்பி அடிச்சுத் தாரேண்ணே."

"அம்புட்டையுமா?"

"அம்புட்டையும்."

அன்று முழுக்க அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தார். அவர் நிறுத்திய இடத்தில் நான் மெஷின் கைப்பிடியைத் தள்ளி அடுத்த வரிக்குப் போனேன். அம்மா கவிதையில் ஒரே ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தார்.

"என்னண்ணே?"

"ஒண்ணுமில்ல. வரி முடிஞ்சிருச்சு. தள்ளு."

சனிக்கிழமை தபால் போய்விட்டது. பரிசு வரவில்லை. ஆனாலும் அந்தக் கவிதைகள்தான் ஊர் திரும்பிய பிறகு அவருடைய முதல் புத்தகமாயின. சில வருஷம் கழித்து அவருடைய நாவலுக்கு அங்கே பெரிய விருது. எனக்கு ஒரு பிரதி அனுப்பியிருந்தார். முதல் பக்கத்தில், ஆங்கில எழுத்தில் எங்கள் தமிழ்: "இதுல எல்லா வரியும் ஓரம்வர ஓடுது மாப்ள. ஒனக்குப் பிடிக்கும்."

சிரித்துக்கொண்டே புரட்டினேன். ஓடத்தான் செய்தன. கதையில் தாய் இறக்கும் பக்கத்தில் மட்டும் ஒரே ஒரு சொல், சுற்றிலும் வெள்ளை. அடுத்த பக்கத்தைத் திருப்ப எனக்கு நெடுநேரம் ஆயிற்று.