வண்டிக்கு ஆகாத நாட்கள்

என் தொப்புளுக்குள் மிளகு அளவில் ஒரு கட்டி வந்தது. கருநீல நிறம். மாதவிலக்கு நாட்களில் அது வீங்கும், விண்விண்ணென்று தெறிக்கும், இரத்தம் கசிந்து பாவாடையை நனைக்கும். தலைக்குக் குளித்த பிறகு சாதுவாக அடங்கிவிடும். புற்றுநோய்தான் என்று நானே முடிவுகட்டி, மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்து அழுதிருக்கிறேன்.

கசியும்போதே டாக்டரிடம் காட்டிவிடலாம் என்று கணவரிடம் கெஞ்சினேன். அவர் பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார். அந்த மேதையின் பைக் முகப்பில் அம்மன் படம் ஒட்டியிருந்தது. விலக்கான பெண் பின்னால் ஏறினால் வண்டிக்கு ஆகாதாம்.

“நாலு நாள் பொறு. தலைக்கு ஊத்திக்க, கூட்டிட்டுப் போறேன்.”

சொன்னபடி கூட்டிப் போனார். புதுக்கோட்டை போய்ச் சேரும்போது தொப்புள் காய்ந்து கிடந்தது. தோல் டாக்டர் நாற்காலியை விட்டு எழாமலே எட்டிப் பார்த்தார்.

“பாவாடை நாடா உரசுதும்மா. அழுக்குச் சேராம சுத்தமா வச்சுக்கங்க. இந்தக் களிம்பத் தடவுங்க.”

எப்போது கசிகிறது என்று அவர் கேட்கவில்லை. நான் சொல்ல வாய் திறந்ததும், அந்நிய ஆண் முன்னால் அதையெல்லாம் பேசுவதா என்று கணவர் முறைத்தார். இரண்டு வேளை குளிக்கிறவளுக்குச் சுத்தம் சொல்லித்தர இரண்டு படித்த ஆண்கள்! வீட்டுக்கு வந்தால் மாமியார், “ஏன், எங்களுக்கெல்லாம் தொப்புளு இல்லையாக்கும்?” என்றார்.

அடுத்த மாதமும் இதே கூத்து, இதே களிம்பு. அதற்கடுத்த விலக்கில், கசிவு தொடங்கிய காலையிலேயே எங்கள் ஊர் திருவரங்குளத்தில் தனியாகப் புதுக்கோட்டை பஸ் ஏறினேன். டிரைவர் தலைக்கு மேல் மூன்று சாமி படங்கள். பஸ் நன்றாகத்தான் ஓடியது.

மகப்பேறு டாக்டரம்மா துணியை விலக்கிப் பார்த்ததுமே கேட்டார்.

“இப்ப பீரியட்ஸாம்மா?”

“ஆமாங்க. மாசாமாசம் இந்த நாள்லதான் கசியுது.”

கர்ப்பப்பையின் உட்சவ்வு போன்ற திசு தொப்புள் தோலில் வளர்ந்திருப்பதாகத் தெரிகிறது, அதனால்தான் அதுவும் மாதந்தோறும் கசிகிறது என்றார். எண்டோமெட்ரியோசிஸ் என்று பெயர் சொன்னார். புற்றுநோய் போலத் தெரியவில்லை, எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பி உறுதி செய்துவிடலாம் என்றார். அங்கேயே அழுதுவிட்டேன்.

“போன மாசமே, இரத்தம் வர்றப்ப வந்திருக்கலாமேம்மா?”

“எங்க வீட்டு வண்டிக்கு ஆகாதுங்க” என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கானதல்ல என்றாலும் நான்தான் வாங்கிக்கொண்டேன்.

ஆபரேஷனுக்கு நாள் குறித்து வந்து கணவரிடம் சொன்னேன். என்ன நோய், பயப்படும்படி இருக்கிறதா என்றெல்லாம் அந்த அறிவியல் வாத்தியார் கேட்கவில்லை.

“அன்னைக்கு நீ வண்டில ஏறலாமா?”

“ஏறலாங்க. ஆனா ஏற மாட்டேன்.”

பஸ்ஸில்தான் போனேன்.