மிளகாய் மேல் போட்ட பழி

சாத்தூர்ப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனியில் அவர் ஃபோர்மேன். கலவை அறைக்குள் ஆணி வைத்த செருப்போடு யாரையும் விடமாட்டார். ஒரு பொறி பட்டால் கட்டடமே போய்விடும் என்பார். கந்தக நெடியில் வரும் தலைவலிக்கு மட்டும், வெறும் வயிற்றில் ஆஸ்பிரினை மிட்டாய் போல மெல்லுவார்.

வயிற்றுப் புண்ணோடு எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார். "எல்லாம் இவ அரைக்கிற மிளகாதான் சிஸ்டர்" என்று மனைவியைக் கைகாட்டினார். அந்த அம்மாள் மிளகாய் வாங்குவதை நிறுத்தி மாதக்கணக்காகியிருந்தது.

எனக்கு எரிச்சல் வந்தது. "மாத்திரைதான் உங்க வயித்தை அறுக்குது. அதை விடுங்க."

"தலைவலி மாத்திரை தலைக்குத்தான போகும்?"

மறுவாரம் இரத்த வாந்தியோடு தூக்கி வந்தார்கள். பிழைப்பாரா என்று தெரியாமல் மனைவி அழுதார். கண் விழித்தவர் என்னைத்தான் கூப்பிட்டார்.

"இவ அழுததுல எனக்குத் தலை வலிக்கு சிஸ்டர். ஒரு மாத்திரை குடுங்க."

ஒரு பொறிக்கு அவ்வளவு பயந்த மனிதர்.