சின்னவன் வாசித்த பக்கம்

என் அக்காவின் கணவர் முப்பத்தொரு வருடம் பாட்டில் பார்த்தார். குளிர்பானத் தொழிற்சாலையில் கழுவிய காலி பாட்டில்கள் வெள்ளை விளக்குப் பலகை ஒன்றின் முன்னால் வரிசையாக ஓடும். வாய் உடைந்தது, கீறல் விழுந்தது, அடியில் அழுக்குத் தங்கியது, எதுவானாலும் அவர் கண்ணில் பட்டாக வேண்டும். பட்டதும் "தள்ளு" என்பார். பக்கத்தில் நிற்பவர் ஒரு குச்சியால் அதை வரிசையிலிருந்து தள்ளிவிடுவார்.

ஓய்வு பெற்ற பிறகும் அந்தச் சொல் அவரை விடவில்லை. அக்கா வாங்கிவந்த தக்காளியைக் கையில் எடுக்காமலே "தள்ளு" என்பார்.

"என்னைக் கட்டிக்கும்போது மட்டும் இந்த வார்த்தை எங்க போச்சு?" என்பாள் அக்கா.

"அன்னைக்கு வெளிச்சம் கம்மி."

கண் அப்படியே இருந்தது. காதைத்தான் பாட்டில்கள் தின்றுவிட்டன. கண்ணாடியோடு கண்ணாடி இடிக்கும் அந்தச் சத்தத்தில் முதலில் போனவை மெல்லிய, கூரான ஒலிகள். கரண்டி கீழே விழுந்தால் திரும்பமாட்டார். குருவி கத்தினால் தெரியாது. பேச்சை மட்டும் முகம் பார்த்துச் சமாளித்துக்கொள்வார். கேட்டால், "என் காதுக்கு என்ன? நீங்கதான் எல்லாரும் முணுமுணுக்கிறீங்க" என்பார்.

இப்படிப்பட்டவர் வீட்டில்தான் ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு நாங்கள் பாட்டுக் கேட்கக் கூடினோம். அத்தான், நான், முனைக்கடைத் தையற்காரர், பல் டாக்டர் என்று நாலு பேர். முன்னறையில், மர உடம்புகொண்ட பழைய டர்ன்டேபிள். அதன் பட்டை இரண்டு முறை அறுந்து, இரண்டு முறையும் தையற்காரர் அளவெடுத்து ரப்பர் வாங்கிவந்து போட்டார். ஒவ்வொருவரும் தங்களிடமிருப்பதில் ஆகச் சிறந்த இசைத்தட்டு ஒன்றைக் கொண்டுவர வேண்டும். ஒரு பக்கம் ஓடி முடியும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. திறந்தவர் டீ குடித்த கண்ணாடி டம்ளர்களை எல்லாம் கழுவ வேண்டும்.

"நாலு ஆம்பளைங்க வாயை மூடிக்கிட்டு உட்கார்ற ஒரே இடம் இந்த வீடுதான்" என்று அக்கா எதிர்வீட்டுக்காரியிடம் சொல்லிச் சிரிப்பாள்.

கடைசியாக ஓடுவது எப்போதும் அத்தானின் தட்டு. அவருடைய தம்பி, அவர் 'சின்னவன்' என்று சொல்லும் அந்த ஆள், ஒரு சிறிய வாத்தியக் குழுவில் இருந்தார். கையில் அடங்கிவிடும் குட்டிப் புல்லாங்குழல் வாசிப்பார். அந்தக் குழு போட்டது ஒரே ஒரு இசைத்தட்டு, அதுவும் முந்நூறு பிரதிகள். அது வெளிவந்த அடுத்த வருடம் சின்னவன் மூளைக் காய்ச்சலில் இறந்துபோனார். இருபத்தாறு வயது. அவர் உலகில் இருந்ததற்கு ஒலியாக மிஞ்சியது அந்தத் தட்டின் இரண்டாம் பக்கத்தில் நாற்பது விநாடி. மற்ற வாத்தியங்கள் எல்லாம் கீழே தங்கிவிட, குழல் மட்டும் தனியாக மேலே ஏறும்.

அந்த இடம் நெருங்கும்போது அத்தான் ஆள்காட்டி விரலைத் தூக்குவார். 'இதோ வருகிறான்' என்று அர்த்தம். குழல் வந்ததும் விரல் மெல்ல இறங்கி முழங்காலில் உட்காரும். நான் முந்நூறு தடவையாவது பார்த்திருப்பேன்.

ஒரு ஞாயிறு படியிறங்கும்போது தையற்காரர் என் சட்டையைப் பிடித்து நிறுத்தினார். "தம்பி, மிஷின்ல ஏதோ உரசுது. உங்களுக்குக் கேக்கலையா?"

கேட்டது. சில வாரங்களாகவே கேட்டது. 'ச' வரும் இடமெல்லாம் மணலை வாரி இறைத்தாற்போல ஒரு சீறல். அடுத்த வாரம் அத்தான் டீ போட உள்ளே போன நேரத்தில், பல் டாக்டர் பையிலிருந்து தன் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு டர்ன்டேபிள் ஊசியின் மேல் குனிந்தார். வாயைத் திறக்கச் சொல்லாததுதான் பாக்கி.

"ஊசி முனை ஒரு பக்கமா உடைஞ்சிருக்கு. உளி மாதிரி இருக்கு" என்றார் தாழ்ந்த குரலில். "இது பாடல. உழுது."

கெட்ட ஊசி தட்டின் கோடுகளைச் செதுக்கிவிடும். முதலில் அழிவது மேலேயுள்ள மெல்லிய ஒலிகள்தான். அதாவது, எங்கள் அத்தானுக்குக் கேட்காதவை. ஊசி கெட்டால் காது சொல்லும் என்று நம்பியிருந்தவர் அவர். காது சொல்லவில்லை.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். ஊசி உடைந்திருக்கிறது என்று சொன்னால், உங்களுக்கு அது கேட்கவில்லை என்றும் சொல்ல வேண்டும். அதற்குப் பின்னால், சின்னவனை ஒவ்வொரு ஞாயிறும் நீங்களே தேய்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றும். மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். டீ வந்துவிட்டது.

அதன்பிறகு நடந்ததை எழுத வெட்கமாக இருக்கிறது. தையற்காரரும் டாக்டரும் தங்கள் நல்ல தட்டுகளை வீட்டிலேயே விட்டுவிட்டு, போனால் போகட்டும் என்பவற்றைக் கொண்டுவர ஆரம்பித்தார்கள். நானும்தான். அத்தான் கவனிக்காமல் இருப்பாரா?

"என்ன டாக்டர், இப்பல்லாம் பழைய இரும்புக் கடைக்குப் போயிட்டு நேரா இங்க வர்றீங்களா? நல்லதெல்லாம் வீட்டுல தூங்குதா?"

"அதுக்கு ஜலதோஷம்" என்றார் டாக்டர். எல்லோரும் சிரித்தோம். அத்தான் மட்டும் சிரிப்பு முடிந்த பிறகும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்படி ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது. அவருடைய தட்டை மட்டும் எங்களால் வீட்டில் விட்டுவர முடியாது. அது அங்கேயே இருந்தது. ஒவ்வொரு ஞாயிறும் சுழன்றது. விரல் எழுந்தது, இறங்கியது. நாங்களும் தலையாட்டினோம். அவர் கேட்டது தட்டிலிருந்து அல்ல, தனக்குள்ளிருந்து என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அது ஒரு பெரிய குற்றமாக அப்போது படவில்லை. அவருக்குத்தான் கேட்கிறதே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கடைசியில் நான்தான் அதே மாதிரி ஊசி ஒன்றை எங்கெங்கோ எழுதிக் கேட்டு வரவழைத்தேன். அவர் டீ போட உள்ளே போன சமயம் பார்த்து மாற்றிவிட்டேன். பழையதை டாக்டர் ஒரு சிறு மாத்திரை டப்பாவில் போட்டுப் பையில் வைத்துக்கொண்டார். அன்று நல்ல ஊசியில் ஓடியபோதுதான் எவ்வளவு போய்விட்டது என்பது முழுசாகத் தெரிந்தது. குழல் ஏற வேண்டிய இடத்தில் காய்ந்த இலைகளை மிதிக்கும் சத்தம். விரல் நிதானமாக இறங்கியது.

இதற்குள் அக்கா இன்னொரு வேலை செய்தாள். நச்சரித்து நச்சரித்து அவரைக் காது டாக்டரிடம் கூட்டிப்போய், காதுக்குள் வைக்கும் கருவி ஒன்றை வாங்கிவிட்டாள். முதல் நாள் அவர் வீடு முழுக்கச் சுற்றினார். செய்தித்தாளைப் புரட்டிப் புரட்டிக் கேட்டார்.

"செருப்பு இவ்வளவு சத்தம் போடுமா? நீயும் இவ்வளவு பேசுவியா?"

"முப்பது வருஷமா இதையேதான் பேசிட்டிருக்கேன்" என்றாள் அக்கா. அவளுக்குக் கண் கலங்கியிருந்தது.

அந்த ஞாயிறு படியேறும்போது தையற்காரர், "இன்னைக்கு அதைப் போட விட்டுடாதீங்க தம்பி" என்றார். "பார்த்துக்கலாம்ணே" என்றேன். எதைப் பார்த்துக்கொள்வதாக நினைத்தேனோ தெரியவில்லை.

அன்று மூன்று பேரும் சொல்லிவைத்ததுபோல எங்கள் நல்ல தட்டுகளைக் கொண்டுவந்திருந்தோம். அத்தான் ஒவ்வொன்றையும் சின்னப்பிள்ளை மாதிரி வாயைத் திறந்துகொண்டு கேட்டார். பிறகு தன்னுடையதை எடுத்தார். துணியால் துடைத்தார். எனக்குத் தலைவலி, இன்றைக்குப் போதும் என்று டாக்டர் சொல்லிப்பார்த்தார். "டாக்டருக்கே தலைவலியா? உட்காருங்க, சின்னவன் சரி பண்ணுவான்" என்று ஊசியை இறக்கினார்.

விரல் எழுந்தது.

இறங்கவில்லை. இலைகளை மிதிக்கும் சத்தம் வந்தது, நாற்பது விநாடி நடந்தது, நின்றது. மற்ற வாத்தியங்கள் திரும்பச் சேர்ந்துகொண்டன. விரல் அப்படியே காற்றில் நின்றது. பிறகு அந்தக் கையாலேயே காதுக்கருவியைக் கழற்றினார். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். மறுபடி மாட்டிக்கொண்டார்.

தட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே கேட்டார்: "எத்தனை நாளா தெரியும்?"

அவர் என்னைத்தான் பார்த்தார்.

"ஒரு மாசம் இருக்கும் அத்தான். ஊசி உடைஞ்சிருந்துது. மாத்திட்டோம்."

"பழசு எங்க?"

டாக்டர் டப்பாவை நீட்டினார். இத்தனை நாளும் அதைப் பையிலேயே வைத்திருந்தார் போல. அத்தான் உருப்பெருக்கிக் கண்ணாடியை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் ஊசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முப்பத்தொரு வருடத்தில் உடைந்த பாட்டில் ஒன்றைக்கூட வெளியே விடாதவர்.

"இதை எப்பவோ தள்ளியிருக்கணும்" என்றார். அப்புறம், "ஒரு மாசத்துல தட்டு இப்படித் தேயாது மாப்ளே" என்றார்.

அவர் அந்த விளக்குப் பலகையின் முன்னால் எப்படிப் பார்த்திருப்பார் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். என்னை அப்படிப் பார்த்தார். அந்தச் சொல் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. எழுந்து நான்கு டம்ளர்களையும் சேர்த்துத் தூக்கினார்.

"விடுங்க அண்ணே, நான் கழுவுறேன்" என்றார் தையற்காரர்.

"பேசினது நான்தானே."

உள்ளே தண்ணீர் விழும் சத்தமும் கண்ணாடியோடு கண்ணாடி இடிக்கும் சத்தமும் வந்தன. அவருக்கும் அது கேட்டிருக்கும்.

அடுத்த ஞாயிறும் கூப்பிட்டார், அதற்கடுத்ததும். எங்கள் தட்டுகளைக் கேட்டார், கேலி பேசினார். அவருடையது மட்டும் உறையைவிட்டு வெளியே வரவில்லை. இன்னொரு பிரதிக்காக நாங்கள் மூவரும் தேடாத இடமில்லை. ஐந்து மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தவர், கட்டிலில் உட்கார்ந்தார். பாதிப் பொத்தான்கள் போட்டபடியே போய்விட்டார்.

போன ஞாயிறு அக்காவே எங்களைக் கூப்பிட்டாள். டீ கொடுத்தாள். பிறகு அந்தத் தட்டை எடுத்துவந்து என் கையில் கொடுத்தாள். "போடு. அவரு இடத்துல நான் உட்கார்றேன்."

போட்டேன். இரண்டாம் பக்கம். அந்த இடம் நெருங்கியது. எந்த விரலும் எழவில்லை. இலைச் சத்தம் தொடங்கியதும் அக்கா கதவைப் பார்த்தாள், யாரோ வந்து நிற்பதுபோல.

என்னால் தாங்க முடியவில்லை. "இந்த இடத்துலதான் வரணும்கா. தேஞ்சு போச்சு. ஒரு வருஷத்துக்கு மேலாவே எனக்குத் தெரியும். அத்தான்கிட்ட ஒரு மாசம்னு பொய் சொன்னேன்."

"தெரியும்" என்றாள் அக்கா. "அன்னைக்கே சொன்னாரு. பாவம், சொல்லவும் முடியாம, பார்க்கவும் முடியாம தவிச்சிருக்கான், நீ ஒண்ணும் கேட்டுடாதன்னு."

தட்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஊசியைத் தூக்க நான் கை நீட்டுவதற்குள் டாக்டர் வந்து தூக்கினார்.

நான் எழுந்து டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். யாரும் தடுக்கவில்லை.