பேட்ரிசியா எழுதிய கம்பைலர்

காட்டூரிலிருந்து தினமும் கல்லூரி பஸ்ஸில் போய்வந்த பேட்ரிசியா, ஒன்பது வருடமாக ஒரே ஒரு மென்பொருளை எழுதிக்கொண்டிருந்தார்: மனிதர் எழுதும் நிரலைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றித் தரும் ஒரு கம்பைலர். ஊருக்கு வெளியே ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியர் வேலை. வகுப்பு இல்லாத நேரமெல்லாம் ஆய்வகத்தின் ஓரத்தில்தான் இருப்பார். அங்கே பழைய கணினிகள் பதினாறை ஒன்றோடொன்று இணைத்து, ஒரே வேலையைப் பங்குபோட்டுச் செய்ய வைத்திருந்தார்.

கணவர் ஸ்டீபன்ராஜுக்குப் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை. “பதினாறு பேர் கைபோட்டா எதையும் சீக்கிரம் தூக்கிடலாம். இதுல ஒன்பது வருஷம் எழுத என்ன இருக்கு?” என்று ஒருமுறை கேட்டார்.

“ஒவ்வொண்ணுக்கும் நினைவகம் தனித்தனிங்க. இதுல இருக்கிற எண் அதுக்குத் தெரியாது. செய்தி அனுப்பித்தான் கேட்டு வாங்கணும். எது, யார்கிட்ட, எப்போ கேக்கணும்னு மனுஷன் வரிவரியா எழுதுறதுக்குள்ள பைத்தியம் பிடிச்சிடும். ஒரு கணினிக்கு எழுதுற மாதிரி சாதாரணமா எழுதிக் குடுத்தா போதும். அந்தச் செய்திகளை எல்லாம் என் கம்பைலரே சேர்த்துடும்.”

இதே ஆசையில் பெரிய பெரிய ஆட்கள் முப்பது வருடத்துக்கு முன்பே மொழிகளை உருவாக்கி, சரிவராமல் கைவிட்டிருந்தார்கள். பேட்ரிசியா ஆய்விதழ்களுக்கு அனுப்பிய கட்டுரைகள் அதையே காரணமாகச் சொல்லித் திரும்பி வந்தன. அவர் விடவில்லை.

கடைசியில் ஒருவர் அதைப் பயன்படுத்த முன்வந்தார். ஸ்ரீரங்கத்தில் குடியிருந்த கலைமதி வெள்ள ஆய்வாளர். கொள்ளிடத்தில் தண்ணீர் கூடினால் எந்த ஊருக்குள் எவ்வளவு ஏறும் என்று கணக்கிடும் நிரல் ஒன்றை வைத்திருந்தார். ஒரு கணினியில் அது ஓடப் பதினோரு மணி நேரம் ஆகும். பேட்ரிசியாவின் கம்பைலர் வழியாகப் பதினாறிலும் ஓட்டியபோது ஐம்பது நிமிடத்தில் முடிந்தது. அன்று வீடு திரும்பும்போது பேட்ரிசியா, நிறுத்தத்தில் இறங்க மறந்து அடுத்த நிறுத்தம் வரை போய்விட்டார்.

அடுத்த கோடையில் கலைமதி நிரலை மாற்றினார். முன்பு நிலத்தைச் சமமான கட்டங்களாகப் பிரித்திருந்தார். இப்போது தண்ணீர் பரவப் பரவ, தேவைப்படும் இடத்தில் கட்டங்கள் தாமாகவே சிறியதாகப் பிரியும். புதிய வரைபடம் தயாரானது. எந்தப் பள்ளிக்கூடங்களில் மக்களைத் தங்கவைப்பது என்று முடிவெடுக்க அதிகாரிகளிடம் அதைக் கொடுத்தார்.

ஜூன் மாதம் ஒரு கட்டுரைக்காக, பேட்ரிசியா அதே நிரலை ஒற்றைக் கணினியில் ஓட்டி ஒப்பிட்டுப் பார்த்தார். விடை ஒத்துவரவில்லை. வடகரையில் ஒரு கிராமத்தில் இடுப்பளவு தண்ணீர் நிற்க வேண்டும். பதினாறு கணினிகள் கொடுத்த விடையில் அந்த இடம் காய்ந்து கிடந்தது. இரண்டு நாள் தேடிக் காரணத்தைப் பிடித்தார். பிரிந்த கட்டங்களுக்குப் பக்கத்துக் கட்டம் எது என்பது நிரல் ஓடும்போதுதான் தெரியும். கம்பைலரோ, பழைய கட்டத்தையே பக்கத்துக் கட்டம் என்று ஊகித்து, புதிய கட்டத்தின் தண்ணீர் அளவைக் கேட்கும் செய்தியை அனுப்பாமல் விட்டிருந்தது. எங்கேயும் பிழை என்று ஒரு வார்த்தை வரவில்லை.

மறுநாள் காலையே ஸ்ரீரங்கம் போனார். கலைமதி கதவைத் திறந்து, “வாங்க மேடம், என்ன இவ்வளவு தூரம்?” என்றார்.

“வரைபடத்தைத் திரும்ப வாங்கிடுங்க. தப்பு என்னோடது.”

எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கலைமதி நாற்காலியில் உட்கார்ந்தார். “அதிகாரிங்க கூட்டத்துல நானே நின்னு சொன்னேன், அந்த ஊருக்குப் பயமில்லைன்னு. என் அத்தை வீடு அங்கதான் இருக்கு.” வரைபடத்தை நிறுத்திவைக்கச் சொல்லி அதிகாரிகளுக்குப் போன் செய்தார். பிறகு, “நீங்க சொல்லலேன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது” என்றார். அது நன்றியா, குற்றச்சாட்டா என்று பேட்ரிசியாவுக்குப் புரியவில்லை.

கம்பைலரைத் திருத்த ஒரே வாரம்தான் ஆனது. சந்தேகம் வந்த இடத்திலெல்லாம் எல்லாக் கணினிகளும் எல்லாவற்றையும் மற்றவற்றுக்கு அனுப்பும்படி மாற்றினார். விடை சரியாக வந்தது. ஆனால் பதினாறு கணினிகளும் சேர்ந்து ஓட்டி முடிக்கப் பதினான்கு மணி நேரம் ஆனது. ஒற்றைக் கணினியில் புதிய நிரலுக்கும் பதினோரு மணி நேரம்தான்; அதைவிட மூன்று மணி நேரம் அதிகம். பிறகு, எதை அனுப்பினால் போதும் என்று அனுப்பும் முன் கணினிகளையே பார்க்க வைத்தார். கட்டங்கள் மாறிக்கொண்டே இருந்ததால், பார்ப்பதிலேயே நேரம் போனது. எட்டு மாதம் முட்டிமோதியும் பதினோரு மணி நேரத்துக்குக் கீழே வரவில்லை.

கலைமதி போனில் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “மேடம், ரெண்டு இன்ஜினியருங்க செய்திகளைக் கையாலேயே எழுதிட்டாங்க. நாலு மாசம் ஆச்சு. நாப்பத்தஞ்சு நிமிஷத்துல முடியுது. விடையும் சரியா இருக்கு.”

“நல்லதுங்க” என்றார் பேட்ரிசியா.

அந்த வருடமே கல்லூரி ஆய்வகத்தைக் காலிசெய்தது. பதினாறு கணினிகளும் லாரியில் போயின. அவருக்கு முதலாமாண்டு வகுப்புகள் கூடுதலாக வந்தன. கம்பைலரை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி இணையத்தில் போட்டார். யாரும் எடுக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்து வரும்போது ஸ்டீபன்ராஜ், “மறுபடியும் ஆரம்பிச்சுப் பாரேன்” என்றார்.

“நான் எழுதுனதுல தப்புன்னா திருத்தலாங்க. ஓடும்போதுதான் தெரியும்ங்கிறதை எழுதும்போதே தெரிஞ்சுக்கணும்னா, எப்படி?”

ஸ்டீபன்ராஜ் மீன் சந்தைப் பக்கம் திரும்பினார். 

“மீன் வாங்கிட்டுப் போயிடலாமா?” என்றார்.

“வாங்கலாம்.”