ஹெப்ரான் வைத்த பளு

பேட்டை தொழிற்பேட்டையில் என் லேத் பட்டறைக்கு அடுத்த கொட்டகை ஹெப்ரானுடையது. அரிசி ஆலைகளின் ஊதுவிசிறிகள் சுழலும்போது அதிர்ந்தால் அவரிடம் கொண்டுவருவார்கள். பளு எந்தப் பக்கம் மிகுந்திருக்கிறது என்று கருவி வைத்துக் கண்டு, எதிர்ப்பக்கம் ஈடுகட்டித் தருவார். பாளையங்கோட்டையில் பள்ளிப் படிப்போடு நின்றவர். வேலையைப் பழைய கையேடுகளைப் படித்தும், கெடுத்தும், திருத்தியும் தாமே கற்றுக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கோயிலுக்குப் போகும்போது மட்டும் அவர் நகங்களில் கிரீஸ் இருக்காது.

வடக்கே கரிசல் காட்டில் ஒரு தனியார் விமானப் பயிற்சிக் கழகம் உண்டு. அதன் உரிமையாளர் சிவசங்கரன். அங்கிருந்த இருவர் அமரும் சிறு விமானம் ஒன்று ஆயுத பூஜைக்குப் பிறகு அதிரத் தொடங்கியது. பயிற்சி பெறுபவர்களின் கால்கள் மரத்துப்போயின. ஹெப்ரானை அழைத்தார்கள். இந்த வேலை நன்றாக முடிந்தால் கழகத்தின் எல்லா விமானங்களையும் அவரிடமே விடுவதாகச் சிவசங்கரன் சொல்லியிருந்தார். விசிறிக்காரன் என்ற பெயர் போய் விமான வேலைக்காரன் என்ற பெயர் வரும் என்று ஹெப்ரான் காத்திருந்தார். அதிகம் ஆசைப்படுகிறவர் அல்லர்; இதற்கு ஆசைப்பட்டார்.

வேலையின் முறை எளிது. என்ஜினின் முன்பக்கம் அதிர்வை அளக்கும் சென்சார் ஒன்று. புரொப்பெல்லரின் ஓர் இதழில் ஒளியைத் திருப்பும் சிறு ஒட்டுத்தாள். விமானத்தைக் காற்றுக்கு எதிரே நிறுத்தி, சக்கரங்களுக்கு அடை கொடுத்து, என்ஜினை ஓட்டினால் அதிர்வு எவ்வளவு, பளு எந்தத் திசையில் என்று கருவி காட்டும். எதிர்த்திசையில் ஈட்டுப் பளுவாக வாஷர்களைத் திருகாணியில் பொருத்தி மீண்டும் ஓட்ட வேண்டும்.

வாஷர் வைப்பதற்காகப் புரொப்பெல்லரின் நடுவே உள்ள மூக்குக் கூம்பைக் கழற்றியபோது, அதன் உட்புறத்தில் ஒரு செப்புத் தகடு ஒட்டப்பட்டிருப்பதை ஹெப்ரான் கண்டார். மந்திரச் சக்கரம் கீறிய பூஜைத் தகடு. மேலே திருநீறும் குங்குமமும் இருந்தன. சிவசங்கரனின் தாயார் நீலாம்பாள், விமானம் ஓட்டப் பழகும் தம் பேரனுக்காகக் கோயிலில் வைத்து வாங்கிக் கொடுத்தது அது என்று, அங்கு மெக்கானிக்காக இருந்த அருணாசலம் சொன்னார். ஒட்டியவரும் அருணாசலமே.

தகட்டை எடுத்துவிட்டு ஓட்டிப் பார்ப்பதே முறை. ஹெப்ரான் எடுக்கவில்லை. சாமி தகட்டில் வேதக்காரன், அதாவது கிறிஸ்தவன், கை வைத்தான் என்று பேச்சு வரும். எடுக்கச் சொன்னாலும் அதே பேச்சுதான் வரும். ஆகவே தகடு இருந்தபடியே கணக்கிட்டு, அதற்கு எதிரே வாஷர்களை வைத்தார். அதிர்வு அடங்கியது. சிவசங்கரன் அவர் தோளில் தட்டிக் கொடுத்தார்.

பொங்கலுக்குப் பின் விமானப் போக்குவரத்து அதிகாரிகள் ஆய்வுக்கு வருவதாகச் செய்தி வந்தது. விமானத்துக்கு உரியதல்லாத எதுவும் உள்ளே இருக்கக் கூடாது என்பது விதி. ஆய்வு முடிந்த மறுநாளே விமானம் முன்னிலும் மோசமாக அதிர்ந்தது. கூம்பைத் தாங்கும் தட்டில் மயிரிழை போல ஒரு விரிசல் கண்டது. ஹெப்ரானை வரச் சொல்லி ஆள் வந்தது. நானும் உடன் போனேன்.

விமானக் கொட்டகையில் ஹெப்ரான் கூம்பைக் கழற்றிப் பார்த்தார். தகடு இருந்த இடம் துடைத்துச் சுத்தமாக இருந்தது.

“இங்கன ஒரு தகடு இருந்துச்சே அண்ணாச்சி. அத எடுத்துட்டாவ. இப்ப நான் வச்ச வாஷர்தான் ஆட்டுது” என்றார் சிவசங்கரனிடம்.

சிவசங்கரன் அருணாசலத்தைப் பார்த்தார். அருணாசலம் என்ஜின் மூடியின் திருகு ஒன்றை வெகு கவனமாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“எந்தத் தகடு?” என்றார் அவர். “எனக்கு ஒண்ணும் தெரியாதுவே.”

“பாத்தீருன்னா அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா” என்றார் சிவசங்கரன்.

“சாமி தகடு. நான் எப்படிச் சொல்ல?”

“தொடத்தான கூடாது? வாய தொறக்கவும் கூடாதா?”

தம் சொல்லை மெய்ப்பிக்க ஹெப்ரானுக்கு ஒரே வழிதான் தெரிந்தது. விரிசல் விட்ட தட்டை மாற்றி, தாம் வைத்த வாஷர்களைத் தம் கையாலேயே கழற்றி, விமானத்தை வெளியே தள்ளி ஓட்டச் சொன்னார். அதிர்வு அறவே இல்லை. இருக்கையின் மேல் வைத்த தண்ணீர்ப் புட்டியில் அலைகூட எழவில்லை.

“பாத்தீயளா?” என்று ஹெப்ரான் திரும்பினார்.

“பாத்தாச்சி” என்றார் அருணாசலம். “நீரு வச்சத எடுத்ததும் சரியாப் போச்சி.”

சிவசங்கரன் அலுவலகத்துக்குள் போனார்.

திரும்பும்போது, நீலாம்பாளிடம் நேரே போய்க் கேட்டால் உண்மை வெளிவரும் என்றேன். ஹெப்ரான் பேருந்து ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னார்: “பேரனக் காப்பாத்தும்னு வச்சிருக்காவ. அதுதான் விமானத்த ஆட்டுச்சின்னு அந்த அம்மாட்ட நான் போயிச் சொல்லவா? வேண்டாம் அண்ணாச்சி.”

கழகத்தின் கடிதம் அடுத்த வாரம் வந்தது. பேட்டைத் தொழிலாளி பொருத்திய பளுவை நீக்கியதும் அதிர்வு நின்றது. எனவே இனி அவருக்குப் பணி வழங்கப்படாது என்றிருந்தது. அந்தச் செய்தி அரிசி ஆலைகள் வரை போயிற்று. களக்காட்டு ஆலைக்காரர் ஒருவர், கொண்டுவந்த விசிறியை இறக்காமலேயே வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

கடிதத்தைத் திருத்தக் கோரிப் பதிவு அஞ்சலில் எழுதியவன் நான். ஒப்புகை அட்டையும் நகலும் என்னிடம் உள்ளன. தகட்டைப் பற்றி ஒரு சொல்லும் எழுதக் கூடாது என்று ஹெப்ரான் கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. கடிதத்தில் எந்தச் சொல் பொய் என்று குறிப்பிட்டால் திருத்துவதாகக் கழகம் பதில் அனுப்பியது. ஹெப்ரானும் நானும் வரி வரியாகப் படித்தோம். பொய் என்று சுட்ட ஒரு சொல்லும் அதில் இல்லை.