பிள்ளைப்பாக்கம் ஏரி வளைவில் கூட ஓடியது யார்?

பேய் பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடுகிற ஆள் தாண்டவராயன். பிள்ளைப்பாக்கத்தில் பயிர் வைத்துப் பிழைத்தவர். கதை கட்டத் தெரியாதவர். அவர் தன் வாயால் சொன்னது இது. ஒரு சொல்கூடக் கூட்டவில்லை.

1986 ஜனவரி. மார்கழியின் கடைசி ஞாயிறு.

அவருடைய ஒரே மகன் பாபு. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு பம்பு கம்பெனியில் ஃபிட்டர். ஷிப்ட் முடிந்தால் ஓட்டம், லீவு நாளானாலும் ஓட்டம். கம்பெனி மன்றத்தில் ஒரு பந்தயம் வைத்தார்கள். ஸ்ரீபெரும்புதூரில் கிளம்பி, ஒரகடம் கூட்டு ரோடு போய்த் திரும்ப வேண்டும். இருபத்தொரு கிலோமீட்டர். பாபுதான் முதலில் பெயர் கொடுத்தான்.

ஐப்பசியில் ஒரு விடியற்காலை, பெற்றவர்கள் எழுமுன்னே பயிற்சிக்கு ஓடியவனை ஏரி வளைவில் லாரி அடித்துப் போட்டது.

மன்றத்தார் பந்தயத்துக்கு அவன் பெயரையே வைத்தார்கள். சொல்லிவிட்டுப் போக சூப்பர்வைசர் வரதராஜுலு வீட்டுக்கு வந்தார்.

"அவன் நம்பர யாருக்குக் குடுக்கப் போறீங்க?" என்று கேட்டார் தாண்டவராயன்.

"யாருக்கும் இல்ல மாமா."

"எனுக்குக் குடுங்க."

மனைவி கனகம் பதறிவிட்டாள். "அம்பது வயசுல இன்னாய்யா ஓட்டம் உனக்கு?"

"அவன் பாதில வுட்டுட்டுப் போயிட்டான். நான் முடிச்சிட்டு வரேன்."

அன்றிலிருந்து தினமும் ஏரிக்கரையில் ஓடினார். கனகம் தடுக்கவில்லை. இருட்டோடு எழுந்து கஞ்சி காய்ச்சி வைத்தாள்.

பந்தயத்தன்று காலை ஐந்தரைக்கு விசில் ஊதினார்கள். பனி என்றால் அப்படியொரு பனி. எதிரில் நிற்பவன் முகம் தெரியவில்லை. பாபுவின் நம்பர் துணியை மார்பில் குத்திக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டி, வெறுங்காலோடு கிளம்பினார். இளவட்டங்கள் சிட்டாய்ப் பறந்துவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் அவர்தான் கடைசி. பின்னால் தண்ணீர்க் குடத்தோடு சைக்கிளில் வந்த வரதராஜுலு, செயின் கழன்றதென்று நின்றுவிட்டார்.

கோயில் ஒலிபெருக்கிப் பாட்டு தூரத்தில் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் கேட்கவில்லை.

ஏரி வளைவு வந்தது.

மகன் விழுந்த இடத்தில் குனிந்து, மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஓடினார். அப்போதுதான் அந்தச் சத்தம்.

சரக்... சரக்... சரக்...

பின்னால் யாரோ ஓடி வருகிறார்கள். கான்வாஸ் ஷூ சத்தம்.

'நமக்கும் பின்னால ஒருத்தனா?' என்று நினைத்துக்கொண்டார். வேகத்தைக் குறைத்தார். அதுவும் குறைந்தது. கூட்டினார். கூடியது.

நின்றார்.

சரக்...

ஒரே ஒரு அடி. முதுகுக்கு மிக அருகில்.

"வரதராஜுலு?"

மறுபடி ஓடத் தொடங்கினார். இப்போது சத்தம் பின்னால் இல்லை. பக்கத்தில். பனிக்குள் ஒரு தோள் தெரிந்தது. ஒல்லியான தோள். வலது கையை மட்டும் கொஞ்சம் அகட்டி வீசுகிற அந்த ஓட்டம்... அவருக்குத் தெரியாதா?

"பாபு..."

"அப்பா."

அவருக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பயம் என்பதே இல்லை. அழுகைதான். இரண்டு மாதமாக அடைத்துக்கொண்டிருந்ததெல்லாம் உடைந்தது. அழுதுகொண்டே ஓடினார்.

"எப்டிடா கீற?"

"அப்பா, இந்தப் பக்கம் வா."

மணிக்கட்டை ஒரு கை பிடித்தது. ஈரமான கை. சில்லென்று இருந்தது.

சாலையின் நடுப்பக்கம் மெல்ல இழுத்தது.

போனார்.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. அவருக்கு மூச்சு வாங்குகிறது. வாயிலிருந்து புகைபோல் வருகிறது. பக்கத்தில் ஓடுவதற்கு... மூச்சே இல்லை.

இன்னொன்றும் உறைத்தது.

"எம் புள்ள என்ன அப்பான்னு கூப்ட மாட்டான்," என்றார். "பொறந்ததுலேந்து நைனான்னுதான்... யார்ரா நீ?"

ஷூ சத்தம் நின்றது.

கை மட்டும் விடவில்லை.

பிறகு, காதோரம்...

"நைனா."

அச்சு அசல் பாபுவின் குரல்.

பொய் என்று தெரிந்தது. தெரிந்தும் கால் அதன் பின்னாலேயே போனது. அதைத்தான் அவரால் இன்றுவரை தாங்க முடியவில்லை.

"வா நைனா..."

ஓர் அடி.

இன்னொரு அடி.

பனிக்குள் மஞ்சளாக இரண்டு வெளிச்சம்.

ஹாரன்!

மிரண்ட மாடு கயிற்றோடு இழுத்தால் எதிர்த்து இழுக்கக் கூடாது, பொத்தென்று உட்கார்ந்துவிட வேண்டும். அவர் யோசிக்கவில்லை. உடம்பு அதைச் செய்தது. உட்கார்ந்தார். கை நழுவியது.

முகத்தில் காற்றடிக்க, முதல் பஸ் உரசிக்கொண்டு போனது.

வரதராஜுலு வந்து பார்த்தபோது அவர் சாலையோரப் புல்லில் கிடந்தார்.

"மாமா! இன்னா ஆச்சு?"

"எனுக்குப் பின்னால... யாரு வராங்க?"

"யாரும் இல்ல. நீங்கதான் கடைசி. வூட்டுக்குப் போலாம் வாங்க."

"மாட்டேன். முடிக்காம வர மாட்டேன். நீ கூடவே வா."

வரதராஜுலு சைக்கிளைப் பக்கத்திலேயே ஓட்டி வந்தார். ஒரகடம் போவதற்குள் வெயில் ஏறிவிட்டது. திரும்புகையில் அந்த வளைவில் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. எல்லோரும் வந்து சேர்ந்து வெகுநேரம் கழித்து, நடையும் ஓட்டமுமாகத் தாண்டவராயன் எல்லையைத் தொட்டார். கனகம் அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள். கூட்டம் கை தட்டியது.

கூட்டம் கலைந்த பிறகு ஓர் ஆள் தயங்கித் தயங்கி வந்தான். நாகப்பனாம். பாபுவை அடித்த லாரியில் கிளீனராக இருந்தவன். தாண்டவராயனை அவன் அதுவரை பார்த்ததில்லை.

"உங்க புள்ள தனியா ஓடல. கூட ஒருத்தர் இருந்தாரு. கையப் புட்ச்சி எங்க வண்டிக்கு முன்னால இஸ்துக்கினு வந்தாரு. போலீஸ்ல சொன்னோம், நம்பல. அங்க கெடந்தது ஒரே ஒடம்புதான்."

தாண்டவராயன் அவன் பக்கம் நகர்ந்தார். "ஆளப் பாத்தியா? எப்டி இருந்தான்?"

நாகப்பன் பின்னால் நகர்ந்தான். அவன் கண் அவர் முகத்தை விட்டு விலகவில்லை.

"லைட் வெளிச்சத்துல நல்லாவே பாத்தேன்," என்றான். "நீங்கதான்."